திமிங்கலத்துக்கு ரேடியோ டேக்: ஒரு தீப்பெட்டியை ஒட்ட ஏன் இவ்வளவு பாடு?

ஈயப்பத்து (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மண்டையைக் குடையிற சந்தேகம். என் வண்டியில ஒரு ஜி.பி.எஸ். டிராக்கர் மாட்டியிருக்கேன். ரிச்சி தெருவுல வாங்கினது, தீப்பெட்டி அளவுதான் இருக்கும். வண்டி எந்தச் சந்துல நிக்குதுன்னு போன்லயே பார்த்துக்கலாம். நேத்து டிவியில திமிங்கலத்துக்கு டேக் மாட்டுறதைக் காட்டினாங்க. ரப்பர் படகு, நீளக் கம்பு, ஆறேழு பேர், ஒரே கூச்சல். கடைசியில பார்த்தா அந்த டேக் அன்னிக்கு ராத்திரியே கழண்டு மிதக்குது!

20, 25 மீட்டர் நீளமுள்ள உடம்பு. அதுல ஒரு தீப்பெட்டிய ஒட்டி வைக்க முடியலையா? 60 வருஷமா முயற்சி பண்றாங்களாம். சிக்கல் எங்க இருக்கு? பேட்டரியா, ஆண்டெனாவா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அலைவரிசை

பேட்டரி, ஆண்டெனா எல்லாம் அப்புறம் வருது தம்பி. முதல் எதிரி உப்புத்தண்ணி. கடல்நீர் மின்சாரத்தை நல்லாக் கடத்தும், அதனால ரேடியோ அலையை உள்ளேயே விழுங்கிடும். 433 மெகாஹெர்ட்ஸ்ல ஒவ்வொரு சென்டிமீட்டர் தண்ணிக்கும் ஏறக்குறைய ஆறேழு டெசிபெல் போகும், அதாவது ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சிக்னலோட பலம் கால்வாசியாக் குறையும். ஒரு சாண் ஆழத்துக்கு மேல உங்க டிராக்கர் ஊமை. ஜி.பி.எஸ். சிக்னல் மேலிருந்து வரும்போதே பலவீனம், அது தண்ணிக்குள்ள எட்டிக்கூடப் பார்க்காது.

நான் சொல்றதை நம்ப வேண்டாம். வாளியில தண்ணி பிடிச்சு, 433 மாட்யூல் (குட்டி டிரான்ஸ்மிட்டர்) ஒண்ணை மூடி இறுக்கின டப்பாவுல போட்டு முக்கிப் பாருங்க. முதல்ல நல்ல தண்ணி, பிறகு உப்பு. 15 லிட்டர் வாளிக்கு அரைக்கிலோ கல்லுப்பு போட்டா கடல் பதம் வந்துடும்.

(22 வருஷம் கப்பல்ல ரேடியோ ஆபீசரா இருந்தவன். அந்த வேலையே இப்போ உலகத்துல இல்ல. அதனால இங்க வந்து பேசிட்டு இருக்கேன்.)

குறுக்குக்கேள்வி

நீர்மூழ்கிக் கப்பலுக்கு ரேடியோ போகுதே, அது எப்படி? தண்ணிக்குள்ள போகவே போகாதுன்னா நேவிக்காரங்க என்ன புறாவுலயா சேதி அனுப்புறாங்க?

அலைவரிசை

நல்ல கேள்வி. பதிலுக்குத் தூரம் போக வேண்டாம், திருநெல்வேலிப் பக்கம் விஜயநாராயணத்துக்குப் போங்க. ஐ.என்.எஸ். கட்டபொம்மன், 1990ல ஆரம்பிச்சது. நீர்மூழ்கிகளுக்குச் சேதி அனுப்புற நிலையம். அலைவரிசை 18 கிலோஹெர்ட்ஸ் பக்கம். மெகா இல்ல, கிலோ. அவ்வளவு கீழ இறங்கினாத்தான் அலை பத்துப் பதினஞ்சு மீட்டர் தண்ணிக்குள்ள இறங்கும். அதுக்காக அங்க நிக்கிற கோபுரங்களோட உயரம் 400 மீட்டருக்கு மேல. அதுவும் ஒருவழிப் பாதை. நீர்மூழ்கி கேட்டுக்கலாம், திருப்பிப் பேச முடியாது.

அந்தக் கோபுரத்தைத் திமிங்கலத்து முதுகுல நட முடிஞ்சா சொல்லுங்க, நானே வந்து கம்பி கட்டித் தர்றேன்.

முத்துநகர்

ரேடியோ போகலன்னா சத்தம் போகும்லா? எங்க போட்டுல எக்கோ சவுண்டர் வச்சுத்தான் ஆழம் பார்க்கோம், மீன் கூட்டம் பார்க்கோம். அதே மாதிரி 'டிக் டிக்'னு சத்தம் போடுத ஒண்ண மாட்டி விட்டா என்ன?

கடலியல்மாணவி

மாட்டியிருக்காங்க அண்ணாச்சி. ஆனா அதுல ரெண்டு சிக்கல். அந்தச் சத்தத்தைக் கேட்க கப்பல் பின்னாடியே ஓடணும், தூரம் போயிட்டா விட்டுடும். அதைவிடப் பெரிசு, திமிங்கலத்துக்குக் காது இருக்கு! அதோட உலகமே சத்தம்தான். வில்லியம் வாட்கின்ஸும் வில்லியம் ஷெவிலும் 1975ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. கடலுக்குள்ள பிங்கர் (விட்டு விட்டு 'பிங்'னு சத்தம் போடுற கருவி) ஒலிச்சதும் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் தங்களோட 'கிளிக்'கை நிறுத்திட்டு மௌனமாயிடுச்சாம். இயல்பா என்ன செய்யுதுன்னு பார்க்கத்தானே டேக் போடுறோம்? அந்த டேக்கே அதோட வாயை அடைச்சா என்ன பிரயோஜனம்?

ஈயப்பத்து

வாளிச் சோதனை முடிஞ்சது. அம்மா திட்டினாங்க, அரைக்கிலோ உப்பு வீண்னு.

நல்ல தண்ணியில டப்பா முழுசா மூழ்கியும் அடுத்த ரூம்ல ரிசீவர் எல்.இ.டி. ஜம்முனு மின்னுச்சு. உப்பைப் போட்டுக் கலக்கக் கலக்க விட்டு விட்டு வந்துச்சு. முழுக்கக் கரைஞ்சதும் அடுத்த ரூம்ல ஒண்ணுமே இல்ல. ரிசீவரை வாளியோட ஒட்டி வச்சா மட்டும் எப்பவாவது ஒரு மினுக்கு. டப்பாவைத் தூக்கி அரை விரக்கடை வெளிய நீட்டினதும் பழையபடி ஜம்முனு வருது.

அப்போ திமிங்கலம் மூச்சு விட மேல வர்ற நேரம் மட்டும்தான் நமக்கு. சரிதானே?

அலைவரிசை

சரியாப் பிடிச்சீங்க. இந்தக் கதையே அந்தச் சில நொடிகளைப் பத்தினதுதான். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

ரேடியோவுக்கு முன்னாடி இருந்தது வெறும் இரும்பு. 1920கள், 30கள்ல பிரிட்டிஷ்காரங்க 'டிஸ்கவரி' ஆய்வுன்னு அன்டார்டிக் கடல்ல நடத்தினாங்க. எண் பொறிச்ச எஃகுக் குழாயைத் துப்பாக்கியால சுட்டுத் திமிங்கலத்துக்குள்ள இறக்கிடுவாங்க. கண்டெடுத்து அனுப்பினா சன்மானம்னு லண்டன் விலாசம் அதுலயே இருக்கும். 1932லேர்ந்து போர் தொடங்குற வரைக்கும் ஐயாயிரத்துக்கு மேல இப்படிக் குறி போட்டாங்க. அந்தக் குறி திரும்பக் கிடைக்கணும்னா திமிங்கலம் சாகணும். சில குழாய்கள் கொழுப்பை உருக்கின கொப்பரையோட அடியில கிடந்திருக்கு. எங்கே சுட்டோம், எங்கே செத்துது, இந்த ரெண்டு புள்ளிதான் தெரியும். நடுவுல நடந்தது கடலுக்கே வெளிச்சம்.

உயிரோட தொடரணும்னு 1960கள்ல அமெரிக்காவோட உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்துல இறங்கினவங்கதான் மேல மாணவி சொன்ன ஷெவிலும் வாட்கின்ஸும். வாட்கின்ஸ் மேல எனக்குத் தனிப் பிரியம். அவர் முதல்ல உயிரியல்காரர் இல்ல, நம்ம ஜாதி, ரேடியோக்காரர். லைபீரியாவுல மன்ரோவியா நகரத்துல 1954ல ஒலிபரப்பைத் தொடங்கின எல்வா வானொலியை நிறுவினவங்கள்ல ஒருத்தர். ஆப்பிரிக்காவுல வானொலி நிலையம் கட்டின கை, பிறகு திமிங்கலத்துக்கு வானொலி கட்டுச்சு.

அவங்க டேக் ஏறக்குறைய ஒரு அடி நீள எஃகுக் குழாய். துப்பாக்கியால சுட்டா கொழுப்புக்குள்ள புதைஞ்சுக்கும், ஆண்டெனா மட்டும் வெளிய நிக்கும். இப்போ அலைவரிசையைத் தேர்ந்தெடுங்க பார்ப்போம். 150 மெகாஹெர்ட்ஸ் வச்சா கால் அலை ஆண்டெனா (அலைநீளத்துல நாலுல ஒரு பங்கு) அரை மீட்டர்தான், வசதி. ஆனா அது நேர்கோட்டுல போற அலை. படகுல 5 மீட்டர் உயரத்துல நீங்க ஆண்டெனா வச்சாலும் அடிவானம் 8, 9 கிலோமீட்டர்ல முடிஞ்சுடும். 30 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கினா அலை கடல் மட்டத்தை ஒட்டிக்கிட்டு அடிவானத்தையும் தாண்டிப் போகும். ஆனா கால் அலை 2.5 மீட்டர்! திமிங்கலத்து முதுகுல கொடிக்கம்பம் நட்ட மாதிரி ஆயிடும். சுருள் போட்டுக் குட்டையாக்கணும், குட்டையாக்கினா சக்தி சுருள்ல சூடாப் போயிடும். வாட்கின்ஸ் 30 பக்கம்தான் போனார். கப்பல்காரன் புத்தி எனக்கும் அதைத்தான் சொல்லும்.

பலன்? 1980ல ஐஸ்லாந்துப் பக்கம் டேக் போட்ட ஒரு துடுப்புத் திமிங்கலத்தைப் பத்து நாள் போலப் பின்தொடர்ந்தாங்க. அது கிரீன்லாந்துப் பக்கமாப் போச்சு. மொத்தம் இரண்டாயிரம் கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டம். அந்தக் குளிர்ல, ஹெட்போனை மாட்டிக்கிட்டு, சில நொடி மட்டும் வர்ற 'பீப்'புக்காக ராவும் பகலும் உட்கார்ந்திருந்தவங்களை நினைச்சுப் பாருங்க. நான் அந்த மாதிரி வாட்ச் டியூட்டி பார்த்தவன். ரெண்டு மணி நேரத்துக்கு அப்புறம் ஃபேன் சத்தத்துலகூட மோர்ஸ் கேட்கும்.

குறுக்குக்கேள்வி

துப்பாக்கியால சுட்டு ஒரு அடி இரும்பை இறக்குறது ஆராய்ச்சியா? அதுக்கு வலிக்காதா?

கடலியல்மாணவி

அந்தக் கேள்விக்கு வர்றேன், ரேடியோ கதையில ஒரு படி மட்டும் மிச்சம் இருக்கு.

கப்பல் பின்னாடியே ஓடுறதுக்குக் கட்டுப்படியாகாது. 1979ல மெக்சிகோவோட சான் இக்னாசியோ காயல்ல புரூஸ் மேட் குழு சாம்பல் திமிங்கலங்களுக்கு ரேடியோ டேக் போட்டாங்க. பின்னாடி ஓடாம, அவை வடக்கே போற வழியில கரையோரமாக் கேட்டாங்க. அதுல ஒண்ணோட சிக்னல் 94 நாள் கழிச்சு அலாஸ்காவுல யூனிமாக் நீரிணையில கேட்டுச்சு. கரையை ஒட்டியே போற திமிங்கலம்ங்கிறதால அது சாத்தியமாச்சு. நடுக்கடல்ல வாழுற நீலத்திமிங்கலத்துக்கு எந்தக் கரையில போய் நிக்கிறது?

அதனாலதான் செயற்கைக்கோள். ஆர்கோஸ் அமைப்பு 1978ல வந்துச்சு. 850 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற செயற்கைக்கோள் ஒரு இடத்துக்கு மேல வந்தா பத்து நிமிஷம் போலத்தான் கண்ணுல படும். அந்தப் பத்து நிமிஷத்துக்குள்ள திமிங்கலம் மேல வரணும். டேக் அனுப்புற செய்தி ஒரு நொடிக்கும் குறைவு. ஒரே கடப்புல பல செய்தி போய்ச் சேர்ந்தாத்தான் டாப்ளர் மாற்றத்தை வச்சு இடத்தைக் கணக்கு போட முடியும். ரயில் நம்மைத் தாண்டும்போது ஹாரன் சத்தம் இறங்குதே, அதே கணக்குதான். நல்லா அமைஞ்சா சில நூறு மீட்டர் துல்லியம், அமையலன்னா சில கிலோமீட்டர் தள்ளிக் காட்டும்.

இப்படித்தான் 2011ல ரஷ்யாவோட சகாலின் பக்கம் டேக் போட்ட வர்வாரான்னு ஒரு பெண் சாம்பல் திமிங்கலம் பசிபிக்கைக் கடந்து மெக்சிகோ போய்த் திரும்பி சகாலினுக்கே வந்தது தெரிஞ்சுது. 172 நாள்ல 22,511 கிலோமீட்டர்! மேற்குக் கூட்டம் வேற, கிழக்குக் கூட்டம் வேறன்னு அதுவரை இருந்த நினைப்பையே அந்த ஒரு டேக் ஆட்டிடுச்சு.

ஈயப்பத்து

அப்போ டேக் எப்போ பேசணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? சும்மா பேசிட்டே இருந்தா பேட்டரி காலியாயிடுமே.

அலைவரிசை

உப்புநீர் சுவிட்ச். ரெண்டு உலோக முனை வெளிய நிக்கும். தண்ணிக்குள்ள இருந்தா நடுவுல மின்சாரம் ஓடும், டிரான்ஸ்மிட்டர் தூங்கும். வெளிய வந்தா இணைப்பு அறுந்துடும், உடனே பேசும். நம்மைக் கழுத்தறுக்கிற உப்பையே வேலைக்காரனா வச்சுக்கிட்டாங்க. செஞ்சு பாருங்க, உங்களுக்கு ஒரு மாலை நேர வேலை.

முத்துநகர்

சரி, ஒட்டுத விஷயத்துக்கு வாங்க. பனைமீன் தோல நான் கையால தொட்டிருக்கேன். (எங்க பக்கம் பெருசுங்க திமிங்கலத்தப் பனைமீன்னுதான் சொல்லும்.) முழு வழுவழுப்பு, வேகவச்ச முட்டை மாதிரி. அதுல எந்தப் பசை நிக்கும்?

கடலியல்மாணவி

ஒண்ணும் நிக்காது. தோலோட மேல்பரப்பு சதா உரிஞ்சுக்கிட்டே இருக்கும். பசை தோலைப் பிடிக்கும், தோல் திமிங்கலத்தை விட்டுடும். ஆக ரெண்டே வழி. உள்ள குத்தணும், இல்லன்னா உறிஞ்சிப் பிடிக்கணும்.

ஈயப்பத்து டிவியில பார்த்தது ரெண்டாவது வகை. உட்ஸ் ஹோல்ல மார்க் ஜான்சனும் பீட்டர் டயாக்கும் உருவாக்கின 'டி-டேக்'கும் அந்த ரகம்தான். கண்ணாடியில பொம்மை ஒட்டுவோமே, அந்த மாதிரி ரப்பர் கிண்ணங்கள் அடியில இருக்கும். நீளக் கம்பால முதுகுல தட்டி வைப்பாங்க. உள்ள ஒலிவாங்கி, ஆழமானி, முடுக்கமானி, காந்தமானி. திமிங்கலம் எந்தப் பக்கம் புரளுது, எப்போ வாயைத் திறந்து பாயுது, என்ன கேட்குதுன்னு எல்லாமே பதிவாகும். ஆனா அவ்வளவையும் செயற்கைக்கோள் வழியா அனுப்ப முடியாது. டேக்கே கைக்கு வரணும். அதனால குறிச்ச நேரத்துல ஒரு மெல்லிய கம்பியில மின்சாரம் பாயும். உப்புத்தண்ணியில அந்தக் கம்பி சில நிமிஷத்துல அரிச்சுப் போகும், கிண்ணத்துக்குள்ள தண்ணி ஏறும், பிடி விட்டுடும். டேக் மிதந்து மேல வந்து வி.எச்.எஃப். ரேடியோ அலையில 'பீப் பீப்'னு கூப்பிடும். ஒருத்தர் சிக்னல் வர்ற திசையைக் காட்டுற யாகி ஆண்டெனாவைப் பிடிச்சுக்கிட்டுத் தேடிப் போவார். நீங்க தோல்வின்னு நினைச்சது அதோட திட்டமே!

மாசக்கணக்குல தொடரணும்னா குத்தித்தான் ஆகணும். அங்கதான் குறுக்குக்கேள்வி கேட்டது வருது. மழுப்பாம சொல்றேன். 2016 பிப்ரவரியில அமெரிக்க வாஷிங்டன் மாநிலக் கடல்ல எல்95ங்கிற 20 வயசு ஆண் ஓர்காவுக்கு (கொலையாளித் திமிங்கலம்னு சொல்வாங்களே, அது) அரசு ஆய்வாளர்கள் முதுகுத் துடுப்புல டேக் போட்டாங்க. ரெண்டு டைட்டானியம் ஈட்டி, ஒவ்வொண்ணும் விரல் நீளம், பின்பக்கம் மடங்கின முள்ளோட. அஞ்சு வாரத்துல அது கனடாவோட வான்கூவர் தீவுக் கரையில செத்து ஒதுங்குச்சு. ஈட்டித் துண்டுகள் உள்ளேயே இருந்துச்சு, குத்தின இடத்துல பூஞ்சைத் தொற்று. முதல் முயற்சியில அந்த டேக் கடல்ல விழுந்திருக்கு. எடுத்து ஆல்கஹால்ல துடைச்சு அதையே போட்டிருக்காங்க. விதிப்படி செய்ய வேண்டிய முழு கிருமிநீக்கம் நடக்கல. அந்தக் கூட்டத்துல மொத்தமே 80 சொச்சம்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் அந்தக் கூட்டத்துக்கு டேக் போடுறதையே நிறுத்திட்டாங்க.

குறுக்குக்கேள்வி

இதைத்தான் கேட்டேன். காப்பாத்தப் போறேன்னு கொன்னுட்டு வர்றதுக்குப் பேரு ஆராய்ச்சியா? விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே.

கோணேசர்மண்

நான் திருகோணமலை. உங்கட கதையில ஒரு பக்கத்துக்கு ஆதரவா ஒண்டு சொல்லுறன். எங்கட தெற்கில மிரிஸ்ஸவுக்குக் கிட்ட நீலத்திமிங்கலம் வருசம் முழுக்க நிக்கும். பெரிய கப்பல் பாதை அதுக்கு மேலாலயே போகுது, அடிபட்டுச் செத்ததுகளும் இருக்கு. பாதையைத் தெற்கால தள்ளச் சொல்லிக் கேட்டதுக்கு ஆதாரம் டேக் இல்லை. படகில போய், கண்ணால பார்த்து, எங்க எத்தனை எண்டு எண்ணின கணக்கு. 2022ல எம்.எஸ்.சி. கப்பல் கம்பனி தானா முன்வந்து தன்ர கப்பல்களைத் தள்ளிப் போகச் சொன்னது. எல்லாத்துக்கும் குத்தத்தான் வேணும் எண்டில்லை.

முத்துநகர்

நான் மாத்திச் சொல்லுதேன், கோவிக்காதீங்க.

2016 ஜனவரி, மணப்பாடு. ராத்திரி கரையில ஒரே கூட்டம். எம்பதுக்கு மேல குட்டைத்துடுப்புத் திமிங்கலம் மணல்ல கிடந்துச்சு. அதுங்க மூச்சு விடுத சத்தம் இருக்கே, வயசாளி தூக்கத்துல பெருமூச்சு விடுத மாதிரி. ஈரச்சாக்கு போத்தினோம், கயிறு கட்டி வள்ளத்துல இழுத்தோம். ஆழத்துல கொண்டு விட்டுட்டு நாங்க கரைக்குத் திரும்புததுக்குள்ள சிலது எங்களுக்கு முன்னாடியே கரைக்கு வந்துட்டு. நாப்பதுக்கு மேல செத்துப் போச்சு. 1973லயும் இதே தூத்துக்குடிக் கடல்ல 147 ஒதுங்கினதா எங்க தாத்தா சொல்லுவாரு, பேப்பர்லயும் இருக்கு.

மிச்சத்த இழுத்து விட்டோம்லா, அதுங்க எங்க போச்சு? பொழைச்சுதா? ரெண்டு நாள் கழிச்சு வேற கரையில போய்ச் செத்துதா? இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அன்னைக்கு நாலு டேக் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அதுக்காக ஒரு விரல் ஆழம் குத்தினா நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்.

குறுக்குக்கேள்வி

அண்ணாச்சி, இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா எல்95 விஷயத்துல என் நிலை மாறல. 80 இருக்கிற கூட்டத்துல சூதாட்டம் கூடாது.

கடலியல்மாணவி

ரெண்டு பேரும் சொல்றது எனக்குச் சரியாப் படுது. அதனாலதான் டேக் உண்டாக்குற காயத்தைப் பத்தியும் ஆய்வு பண்றாங்க. அமெரிக்காவோட மெய்ன் வளைகுடாவுல கூன்முதுகுத் திமிங்கலங்களை வருஷக்கணக்கா அடையாளம் வச்சிருக்காங்க. அதனால டேக் போட்டதைத் திரும்பத் திரும்பப் போட்டோ எடுத்துப் புண் எப்படி ஆறுதுன்னு பார்த்தாங்க. கொழுப்புக்கும் அதுக்குக் கீழ உள்ள தசைக்கும் நடுவுல அசைவு இருக்கு. மூட்டு வச்ச டேக் அந்த அசைவுல வளைஞ்சு உள்ளேயே ஒடிஞ்சது தெரிஞ்சுது. அதுக்கப்புறம் மூட்டே இல்லாம ஒரே துண்டாச் செய்ய ஆரம்பிச்சாங்க.

இன்னொண்ணு, நம்ம கடல் சமாச்சாரம். ஓமான் பக்கம் அரபிக்கடல்ல வாழுற கூன்முதுகுத் திமிங்கலங்கள் நூறுக்கும் குறைவா இருக்கும்னு கணக்கு. மத்த இடத்துல இருக்கிறது மாதிரி துருவத்துக்குப் போகாது, அங்கேயே கிடக்கும்னு நினைச்சிருந்தாங்க. 2017 நவம்பர்ல லுபான்னு பேர் வச்ச ஒரு பெண்ணுக்கு அங்க டேக் போட்டாங்க. லுபான்னா அரபியில சாம்பிராணி மாதிரி ஒரு பிசின். அது நேராக் கடலைக் கடந்து கோவாப் பக்கம் வந்து, மேற்குக் கரையோரமா இறங்கி, 2018 தொடக்கத்துல இந்தியாவோட தென்முனை வரைக்கும் வந்துட்டு ஓமானுக்கே திரும்பிடுச்சு. கன்னியாகுமரியில சூரிய உதயம் பார்க்க நின்ன ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. குறுக்குக்கேள்வி, இதுவும் 'நூறுக்கும் குறைவு' கூட்டம்தான். டேக் போட்டது சரியா?

குறுக்குக்கேள்வி

வம்புல மாட்டி விடுறீங்க. யோசிச்சுட்டு வர்றேன்.

ஈயப்பத்து

நீங்க சண்டை போட்ட நேரத்துல நான் உப்புநீர் சுவிட்ச் செஞ்சு முடிச்சேன். முடிச்சேன்னு சொல்லக்கூடாது, ரெண்டு தடவை சொதப்பினேன்.

முதல்ல ரெண்டு பித்தளை ஸ்க்ரூ, நடுவுல எப்பவும் 3 வோல்ட். மறுநாள் பார்த்தா ஒரு ஸ்க்ரூ பச்சை பூத்துக் கரைஞ்சு போச்சு. அதை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாத்தி, கால் நொடிக்கு ஒரு தடவை மட்டும் கண்ணிமைக்கிற நேரம் வோல்ட் கொடுத்துப் பார்க்கிற மாதிரி புரோகிராம் எழுதினேன். அரிப்பு நின்னுது.

ரெண்டாவது சொதப்பல்தான் சுவாரஸ்யம். டப்பாவைத் தண்ணியிலேர்ந்து தூக்கினா உடனே பேசணுமில்ல? நாலு நொடி, சில சமயம் ஆறு நொடி கழிச்சுத்தான் பேசுது. ரெண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவுல பிளாஸ்டிக் மேல ஒரு மெல்லிய தண்ணிப் படலம் ஒட்டிக்கிட்டு நிக்குது. சுவிட்ச் இன்னும் கடலுக்குள்ளதான் இருக்கோம்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. திமிங்கலம் அதுக்குள்ள மூச்சு விட்டுட்டு இறங்கிடும்!

அலைவரிசை

உண்மையான டேக்கிலும் இதே பிரச்சினை உண்டு. பாசி பிடிச்சா இன்னும் மோசம். ரெண்டு முனையையும் தள்ளி வைங்க, நடுவுல ஒரு மேடு கொடுங்க, தண்ணி வழியட்டும். கூடவே தொடக்க வரம்பையும் திருத்துங்க. படலம் வழியா ஓடுற மின்சாரம் முழுத் தண்ணியில ஓடுறதைவிடக் குறைவாத்தான் இருக்கும், அதை 'வெளிய'ன்னு எடுத்துக்கச் சொல்லுங்க.

ஈயப்பத்து

செஞ்சேன். மேட்டுக்கு எம்-சீல், அது மேல கார் பாலிஷ் மெழுகு. தேங்காய் எண்ணெயும் தடவிப் பார்த்தேன், ரெண்டு முக்குல போயிடுது. மெழுகுல தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுது. இப்போ தூக்கினதும் அரை நொடிக்குள்ள முதல் பீப். 20 தடவை முக்கினேன், 19 தடவை சரியா வந்துச்சு. அந்த ஒரு தடவை ஏன் வரலன்னு தெரியல.

முத்துநகர்

தம்பி, வாளியில அலை கிடையாது. அந்த டப்பாவ எனக்குக் கூரியர்ல அனுப்பு. வலை மிதவையில கட்டி ஒரு ராத்திரி விட்டுப் பார்க்கேன். எத்தன பீப்னு உள்ளேயே எண்ணி வைக்க வழி இருக்கா?

ஈயப்பத்து

இருக்கு அண்ணாச்சி, ஒரு மெமரி கார்டு சேர்த்துடுறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்புறேன். மிதவைக்கு என்ன கயிறு, எத்தனை எம்.எம். துளை போடணும்?

முத்துநகர்

எட்டு போடு. துளையத் தேச்சு வழவழன்னு ஆக்கிரு, இல்லன்னா கயித்த அறுத்துரும்.